ஒன்பது நாற்பதுக்குப் பிறந்த பிள்ளை

பிரிட்ஜ்வாட்டரைச் சுற்றி இருபது மைலுக்குள் குடியிருந்த தமிழர்கள் அந்த நாளில் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் நியூ யார்க் வரை கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நாள் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். அபயாம்பாள் மாமிக்கு ஒரு போன் போட்டால் போதும். பிள்ளைக்கு நட்சத்திரப் பிறந்தநாள் எப்போது, மாமனாருக்குத் திதி எந்தத் தேதியில் வருகிறது, புது வீட்டில் பால் காய்ச்ச எந்த ஞாயிற்றுக்கிழமை தேவலை என்று எதைக் கேட்டாலும் சரி. மாயவரத்திலிருந்து வருஷா வருஷம் கப்பல் தபாலில் வந்து சேரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவாள். அதிலுள்ள இந்திய நேரத்திலிருந்து கோடையானால் ஒன்பதரை மணி, குளிர்காலமானால் பத்தரை மணி கழிப்பாள். அடுப்பில் இருப்பது அடிப்பிடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். நாள் விஷயத்தில் அவள் தெரியவில்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

பகலில் அவள் ரூட் இருபத்திரண்டு ஓரத்தில் பத்மநாபன் நடத்திய டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். டோனட் கடைக்கும் டிரை கிளீனருக்கும் நடுவே ஒடுங்கிய கடை. மேஜை மேல் இருந்த பெயர்ப்பலகை அவளை ஆபி என்றது. அபயாம்பாளை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைக்காரன் ஃபிளைட்டைத் தவறவிட்டுவிடுவான் என்பது பத்மநாபனின் வாதம்.

அந்தக் கடைக்கு 1987 ஜனவரியில் ஜூடித் ஃபெல்ட்மன் வந்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, யூதக் குடும்பம். அவள் பிள்ளை டேனியலுக்குப் பதின்மூன்று நிறையப்போகிறது. அவர்கள் வழக்கத்தில் பதின்மூன்று நிறைந்த பிள்ளை பெரியவர்கள் கணக்கில் சேருகிறான். சபை நடுவே நின்று வேதச் சுருளிலிருந்து படிக்க வேண்டும். அன்றிலிருந்து அவன் செய்வதற்கு அவனே பொறுப்பு. உள்ளூர் ஜெபக்கூடத்தில் உறுப்பினர்களுக்குத்தான் தேதி கொடுப்பார்கள், ஜூடித்தின் கணவருக்கோ எந்தச் சங்கத்திலும் சேரப் பிடிக்காது. ஆகவே ஜெருசலேமுக்கே போய், அவர்களுக்குப் புனிதமான மேற்குச் சுவருக்கு முன்னால் நடத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பதின்மூன்று இங்கிலீஷ் தேதிப்படி அல்ல, அவர்களுடைய சந்திர மாதக் கணக்குப்படி. ஜூடித் ஒரு அட்டவணைப் புத்தகத்தை மேஜை மேல் போட்டாள்.

“இதைப் பாத்தா எனக்கு ஒண்ணும் புரியல, ஆபி. மயாமில இருக்கற என் அப்பாவைக் கேட்டா ஒரு மணி நேரம் லெக்சர் அடிப்பார். நான் கேக்கப்போறதில்ல.”

அபயாம்பாளுக்குக் கை துறுதுறுத்தது. சந்திர மாதமாம், அதிக மாதம்கூட உண்டாம். இது நம்ம வீட்டுச் சரக்கு அல்லவா? முன்னுரையைத் தள்ளிவிட்டு நேரே அட்டவணைக்குப் போனாள். ஆயுசு முழுக்கப் பஞ்சாங்கத்தோடு குடித்தனம் செய்தவளுக்கு முன்னுரை எதற்கு?

“பையன் பொறந்த நேரம் என்ன?” என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்காமல் அவள் எந்த நாளையும் குறித்ததில்லை.

“எழுபத்தி நாலு, ஜூன் இருபத்தஞ்சு. ராத்திரி ஒம்பது நாப்பது.”

“அப்ப பிரச்சினை இல்ல. விடியறதுக்கு முன்னாடி பொறந்திருந்தாத்தான் முந்தின நாள் கணக்கு.”

அவளைப் பொறுத்தவரை சூரியன் உதித்தால் நாள், மறுபடி உதித்தால் அடுத்த நாள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பத்து நிமிஷத்தில் தேதி வந்துவிட்டது. ஜூலை இரண்டு, வியாழக்கிழமை. திங்கள், வியாழன், சனி மூன்று நாட்களில்தான் காலையில் சுருளைத் திறப்பார்கள் என்று ஜூடித்துக்குத் தெரிந்திருந்தது. தானாகவே வியாழன் அமைந்ததைப் பார்த்து அவள் கண்ணை அகல விரித்தாள். ஞாயிறு, ஜூன் இருபத்தெட்டு புறப்பாடு. வெள்ளி, ஜூலை மூன்று காலை திரும்புதல். மறுநாள் ஜூலை நாலு விடுமுறைக்கு வீட்டுத் தோட்டத்தில் விருந்து. ஐந்து டிக்கெட், மாற்ற முடியாத வகை. ஜூடித் சிநேகிதிகளிடம் போய்ச் சொன்ன சொல்லில் அடுத்த கோடைக்கு இருபது குடும்பங்கள் சேர்ந்து போவதாகப் பேச்சு அடிபட்டது. பத்மநாபனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏப்ரலில் பாஸ்போர்ட் விஷயமாக டேனியல் வந்தான். ஒல்லியான பையன். பெயரைக் கேட்டதற்கே மூன்று தடவை திக்கினான். பிறகு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தான். வயதான ஆசிரியர் ஒருவர் கேசட்டில் பாடிக் கொடுத்த பதினேழு வாசகங்கள். வாரத்துக்கு வாரம் படிக்கும் பகுதி மாறும். அந்த வியாழனுக்கு உரியவை இந்தப் பதினேழு. பேச்சில் திக்குகிற பிள்ளை ராகத்தில் திக்கவில்லை. “இதுக்கே அஞ்சு மாசம் ஆகும்” என்று ஜூடித் மெல்லச் சொன்னாள். “வேற பகுதின்னா அவனால முடியாது.” அபயாம்பாள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேத கோஷம் எந்தப் பாஷையில் இருந்தாலும் அவளுக்குக் காது அங்கே போய்விடும்.

ஜூன் இருபத்துமூன்று, செவ்வாய்க்கிழமை. புறப்பாட்டுக்கு ஐந்து நாள் இருந்தது. நகை வியாபாரி ஒருவர், அவரும் யூதர், சிகாகோவுக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் கேட்டு வந்தார். இரவு ஒன்பதேகாலுக்குப் போய் இறங்குகிற ஃபிளைட்டில் இடம் இருந்தது.

“ஆகாது. அதுக்குள்ள சனிக்கிழமை வந்துடும்.”

அவர்கள் வெள்ளி மாலையிலிருந்து பயணம் செய்ய மாட்டார்கள் என்பது அபயாம்பாளுக்கு நாலு வருஷமாகத் தெரியும். நாம் விரதத்துக்கு முந்தின ராத்திரியே பலகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோமே, அந்த மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தாள். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள். “சனிக்கிழமை ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தானே வருது?”

“உங்களுக்கு. எங்களுக்கு சூரியன் விழுந்தா அடுத்த நாள்.”

“சனிக்கிழமைக்கு மட்டுமா?”

“எல்லா நாளுக்கும்” என்றார் அவர். “எங்களுக்கு ராத்திரிதான் முதல்ல, பகல் அப்புறம்.”

அபயாம்பாளின் விரல் கீபோர்டில் நின்றுவிட்டது. அவருக்கு மத்தியான ஃபிளைட்டைப் போட்டு அனுப்பிவிட்டு, ஃபெல்ட்மன் ஃபைலை எடுத்து, ஜூடித் விட்டுப்போன புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். பொடி எழுத்தில் அங்கேயே இருந்தது: சூரியன் அஸ்தமித்த பின் பிறந்தவர்கள் ஒரு நாள் கூட்டிக்கொள்ளவும்.

ஜூன் மாதத்தில் ஒன்பது நாற்பதுக்குச் சூரியன் எங்கே இருக்கிறது? விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டேனியலின் நாள் வெள்ளி. வியாழன் மாலை பொழுது சாய்ந்தால்தான் அவனுக்குப் பதின்மூன்று நிறையும். வியாழன் காலை சுவர் முன்னால் நிற்கப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அது சடங்கே அல்ல, ஒத்திகை. வெள்ளியன்று சுருளைத் திறக்க மாட்டார்கள். திங்கள் வரை தள்ளினால் பகுதியே மாறிவிடும், பையனின் ஐந்து மாசம் தண்ணீரோடு போகும். மிச்சம் இருப்பது சனி. டேனியலின் ஆசிரியருக்குப் போன் செய்து, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டாள். சனிக்கிழமைப் பகுதி நீளமானது, ஆனால் அதன் ஆரம்பம் வியாழனன்று படிக்கும் அதே பதினேழு வாசகம்தான் என்றார் அவர். ஒரு வழி இருந்தது. அந்த வழியில் வெள்ளிக்கிழமை ஃபிளைட் குறுக்கே நின்றது.

பத்மநாபன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“மாமி, இத வேற யார்கிட்டயாவது சொன்னேளா?”

“இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல.”

“அப்ப இத்தோட விட்டுடுங்கோ. ஜூடித்துக்குத் தெரியாது. அவ ஹஸ்பெண்டுக்கு இதுல இன்ட்ரஸ்டே கிடையாது. அங்க செவுத்துக்கிட்ட நிக்கறவா பர்த் சர்டிஃபிகேட்டா செக் பண்ணப்போறா?”

“அந்தக் கொழந்தை அன்னிக்குக் கார்த்தால பெரியவனே ஆகலையே.”

“பன்னண்டு மணி நேரம், மாமி.”

“உங்காத்துல திதிய மொத நாளே பண்ணி வெச்சா ஒத்துப்பேளா?”

பத்மநாபன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். “நீங்க வாயத் தொறந்தா அந்த இருபது ஃபேமிலியும் கேன்சல். நம்ம ஏஜென்சி தப்பா நாள் குறிச்சுக் குடுத்துதுன்னு ஊரெல்லாம் பேசுவா. அப்புறம் நீங்க இங்க வர வேண்டாம். நான் கோபத்துல சொல்லல, யோசிச்சுத்தான் சொல்றேன்.”

அவள் உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். புதன்கிழமை ஜூடித் போன் செய்து, மயாமியிலிருந்து அப்பா வந்துவிட்டார், அவருடைய சக்கர நாற்காலிக்கு ஏர்லைனில் சொல்லியாகிவிட்டதா, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். “எல்லாம் சரியா இருக்கு” என்றாள் அபயாம்பாள். வைத்த பிறகும் போனின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயதில், நாள் விஷயத்தில், தெரிந்தே சொன்ன முதல் பொய். வெட்கத்தில் காது சுட்டது.

முதலில் டிக்கெட் கிடைக்கட்டும், கையில் மாற்று வழியோடு போய்ச் சொல்லலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கிடைக்காமல் போனால் சொல்ல வேண்டியிருக்காது என்ற நப்பாசையும் அதற்கு அடியில் இருந்தது. ஞாயிறு, ஜூலை ஐந்து அன்று அங்கிருந்து வருகிற ஃபிளைட் எல்லாம் நிரம்பி வழிந்தன. பத்மநாபன் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து ஏர்லைன் ஏர்லைனாகப் போன் செய்தாள். கெஞ்சினாள், காத்திருந்தாள், அறுந்துபோன லைனைத் திரும்பப் பிடித்தாள். வியாழன் மூன்று மணிக்கு, லண்டன் வழியாக ஐந்து சீட் விழுந்தது. பழைய டிக்கெட்டை அபராதத்தோடு மாற்றித் தரவும் ஒத்துக்கொண்டார்கள். சுவருக்கு நடந்துபோகிற தூரத்தில் ஹோட்டல் அறைகளும் கிடைத்தன. நாளைக் காலை பத்து மணி வரைதான் பிடித்துவைப்பார்கள். இனிமேல் சொல்வதற்குச் சாக்கு ஒன்றும் பாக்கி இல்லை.

வேலை முடிந்ததும் நேரே ஜூடித் வீட்டுக்குக் காரை விட்டாள். வாசல் நடையில் ஐந்து பெட்டிகள் வரிசையாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. உள்ளே கூடத்தில் கிழவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூடித் அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். அபயாம்பாள் உட்காரவில்லை. நின்றபடியே, ஒளிக்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். தப்பு தன்னுடையது என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

ஜூடித்தின் முகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. “நீ எவ்வளவு நிச்சயமாச் சொன்ன. நேத்துகூடக் கேட்டேனே.”

“நேத்து சொன்னது பொய்.”

“சனிக்கிழமை அங்க கேமராவை வெளில எடுக்க விட மாட்டாங்க. போட்டோக்ராஃபர், வீடியோ எல்லாம் வியாழனுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. ஒரு படம்கூட இல்லாம நான் திரும்பி வரணுமா?” அவள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வேண்டாம். வியாழனே இருக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல.”

அந்த வார்த்தையோடு அபயாம்பாள் கிளம்பியிருக்கலாம். வேலை தங்கும், ஊரில் பேரும் தங்கும், பாவமும் பாதிக்குப் பாதி ஜூடித் தலையில். அவள் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கூட விட்டாள். கதவைத் திறந்தால் மாடிப்படியின் கடைசிப் படியில் டேனியல் நின்றுகொண்டிருந்தான். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது.

“வி-வியாழக்கிழமை எனக்குப் பன்னெண்டா, பதி-பதிமூணா?” என்றான். தாயைக் கேட்கவில்லை. அபயாம்பாளைக் கேட்டான்.

ஜூடித் அவளைப் பார்த்த பார்வையில் வேண்டுதலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

“சூரியன் விழற வரைக்கும் பன்னெண்டு” என்றாள் அபயாம்பாள்.

கூடத்தில் டிவி சத்தம் நின்றது. கிழவர் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

“இந்தம்மா சொல்றது சரி. நீ பொறந்து இருபது நிமிஷத்துல உங்கம்மா எனக்குப் போன் பண்ணினா. எனக்கு அந்த மணி மறக்கல.”

“தெரியுமா?” என்றாள் ஜூடித். “தெரிஞ்சுமா ஆறு மாசம் சும்மா இருந்தீங்க?”

“சொன்னா நீ மொத்தத்தையும் நிறுத்திடுவேன்னு பயம். நீ என்னை எதையும் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு? ஏதோ இந்த மட்டும் நடக்குதேன்னு இருந்தேன். வியாழக்கிழமை பொழுது சாஞ்சப்புறம் ரூம்ல இவனை எனக்கு மட்டும் படிச்சுக் காட்டச் சொல்லலாம்னு நினைச்சேன்.” அவர் அபயாம்பாளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ வந்து சொல்லிட்ட. நாங்கதான் சும்மா இருந்தோம்.”

ஜூடித் போய் வாசல் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். டேனியல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நாலு தடவை திக்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தனக்குச் சனிக்கிழமைதான் வேண்டும் என்று சொல்லி முடித்தான்.

“டிக்கெட்டை மாத்து” என்றாள் ஜூடித், யார் முகத்தையும் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஐந்து டிக்கெட்டும் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தன. பத்மநாபன் பக்கத்திலேயே நின்று கடைசி டிக்கெட் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். “திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆள் வரா, மாமி” என்றார். அவள் பெயர்ப்பலகையையும் ஜூடித்தின் அட்டவணைப் புத்தகத்தையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஆபி என்ற பெயரில் அவளுக்கு என்ன பற்றுதலோ, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

பத்மநாபன் பயந்தது போலவே ஊர் பேசியது. ஆனால் ஏஜென்சியைப் பற்றிப் பேசவில்லை, மாமியைப் பற்றிப் பேசியது. மாமி கணக்கே தப்பிப்போய்விட்டதாம். தினம் நாலு தடவை அடித்த போன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அடித்தது. எடிசனில் இருக்கும் ராஜலக்ஷ்மி தன் மாமியார் திதியைக் கேட்டுவிட்டு, “இன்னொரு வாட்டி செக் பண்ணிச் சொல்றேளா, மாமி?” என்றாள். பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அபயாம்பாள் மறுபடி பார்த்து அதே தேதியைச் சொன்னாள். போனை வைத்த பிறகு மூன்றாம் தடவையும் பார்த்தாள். வேலை போனதைவிட இதுதான் அவளை அறுத்தது. கணவர் சிவராமகிருஷ்ணன், “தப்பை ஒத்துண்டவளுக்கு இது ஒரு தண்டனையா?” என்று ஆறுதலாகத்தான் கேட்டார். அவளுக்கு அதுவும் குத்திக் காட்டுவதுபோல் இருந்தது.

ஜூலை மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் ஜூடித்தின் கார் அவள் வீட்டு டிரைவ்வேயில் வந்து நின்றது. ஜூடித் இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேனியல்தான் தாத்தாவை நாற்காலியில் இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.

“படிச்சான்” என்றார் கிழவர், உட்காரச் சொல்வதற்கு முன்பே. “பதினேழும். ரெண்டு எடத்துல நின்னுது. காத்துக்கிட்டு இருந்தோம். தானா மறுபடி ஓடுச்சு.”

டேனியல் தரையைப் பார்த்துச் சிரித்தான். படம் ஒன்றும் இல்லை. அதனால் அவர் கையை ஆட்டி, பையன் எங்கே நின்றான், தான் எங்கே இருந்தேன், வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று காற்றில் வரைந்து காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

“என் மனைவி இறந்த நாள். எழுபத்தாறு, அக்டோபர் பதிமூணு. புரூக்ளின். பத்து வருஷமா நான் அவளுக்கு ஒரு நாள்ல விளக்கு ஏத்தறேன். அடக்கம் பண்ண வந்தவங்க தேதியைக் கேட்டாங்க, மணியைக் கேக்கல. நானும் சொல்லல. தப்பா இருந்துட்டா என்ன பண்றதுன்னு அப்புறம் யாரையும் கேக்கவும் இல்ல. நீ பாத்துச் சொல்லு.”

“என்ன மணி?”

“சாயங்காலம் ஆறேகால் இருக்கும்.”

அபயாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அக்டோபர் நடுவில் அதுதான் சூரியன் விழுகிற வேளை. “வெளிச்சம் இருந்துதா, போயிடுத்தா?”

“ஜன்னல் என் முதுகுப் பக்கம் இருந்தது” என்றார் கிழவர். “நான் அவ முகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவள் அட்டவணைப் புத்தகத்தைக் கொண்டுவந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு வரி விடவில்லை. பென்சிலால் இரண்டு தேதிகளை எழுதினாள், அடித்தாள், மறுபடி அதே இரண்டையும் எழுதினாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டேனியல் எப்போது எழுந்து வெளியே போனான் என்று அவள் கவனிக்கவில்லை. கார்க் கண்ணாடியைத் தட்டி அவன் தாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“எனக்குத் தெரியல” என்றாள் அபயாம்பாள். சொன்ன பிறகு கண் நிறைந்துவிட்டது. “ரெண்டு நாள்ல எதுன்னு என்னால சொல்ல முடியல. ரெண்டு நாளும் ஏத்துங்க.”

கிழவர் இரண்டு தேதிகளையும் வெகுநேரம் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “இனிமே வருஷா வருஷம் நீயே எனக்குச் சொல்லு” என்றார்.

வெளியே கார் எஞ்சின் சத்தம் நின்றது. ஜூடித் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.